குதிகால் வலிக்கு ஷொக்வேவ்: காப்பை அடகு வைக்கலாமா?

கல்முனைக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து கரைவலைத் தொழிலாளி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். வயது 44. பதினெட்டு வயதிலிருந்து வலை இழுக்கிறார். வலது குதிகாலின் பின்பக்கம், செருப்பு வார் உரசுகிற அதே இடத்தில், பதினான்கு மாதமாக வலி. காலையில் பாயை விட்டு எழும்பினால் முதல் பத்து அடி நொண்டிதான். பத்து நிமிடத்தில் இளகிவிடும். வலை இழுத்த அன்று இரவு திரும்பவும் பிடித்துக்கொள்ளும்.

முதலில் முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுக் கட்டினார். பிறகு எக்ஸ்ரே எடுத்ததில் குதி எலும்பில் முள் வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஏழு மாதத்துக்கு முன் ஓரிடத்தில் குதிக்கு ஊசி போட்டார்கள். ஒரு மாதம் சுகம், அப்புறம் பழையபடி. சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர். ஊசி போட்ட வாரம் சீனி எகிறியதாம். ஆறு வாரம் தொழிலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார், வலி குறைந்தது. போன முதல் நாளே திரும்பி வந்தது. யூடியூப்பில் பார்த்துப் படிக்கட்டில் நின்று குதியைக் கீழே இறக்கும் பயிற்சியை இரண்டு வாரம் செய்தார், வலி கூடிவிட்டது. ஸ்கேன் அறிக்கையில் நாண் தேய்ந்து சிறிது கிழிந்திருப்பதாக இருக்கிறது.

இப்போது ஒரு தனியார் நிலையத்தில் ‘பத்துத் தடவை ஷொக்வேவ் வைத்தால் போய்விடும், முழுக் காசையும் முதலே கட்டினால் கழிவு’ என்றிருக்கிறார்கள். கட்டாரில் இருக்கும் மச்சானுக்கு முழங்கை வலி இதில்தான் மாறியதாம். மனைவி கைக் காப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். ‘நரம்பு உக்கிப் போச்சா? ஷொக் என்றால் கரண்டா? அது முள்ளை உடைக்குமா? அடகு வைக்கலாமா, வேண்டாமா?’ என்று கேட்டு முடித்திருக்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வேண்டாம். ஷொக்வேவ் ஏமாற்று வேலை என்பதால் அல்ல. அதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய ஒன்று இன்னும் சரியாக நடக்கவில்லை.

உக்கிப் போகவில்லை

நம் ஊரில் தோலுக்குக் கீழே நூல்போல எது தட்டுப்பட்டாலும் நரம்பு என்போம். உங்களுக்கு நோகிறது நரம்பு அல்ல, தசைநாண். கெண்டைக்கால் தசை கீழே இறங்கிக் கயிறாகத் திரண்டு குதி எலும்பில் போய்ப் பிடிக்கிறதே, அது. உடம்பிலேயே தடித்த நாண் இதுதான். வலைக் கயிறு தேய்வதைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு, இதுவும் தேய்ந்து ஒருநாள் அறுந்துவிடும் என்ற பயம் வருவது இயல்பு. ஆனால் வலைக் கயிறு உயிருள்ள பொருள் இல்லை, நாண் உயிருள்ளது. சுமை கொடுத்தால் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ளும், சுமையே இல்லாவிட்டால் மெலியும். ஆறு வாரம் ஓய்வெடுத்தபோது வலி குறைந்தது, கூடவே தாங்கும் சக்தியும் குறைந்தது. பிறகு ஒரே நாளில் முழு வலையையும் அதன்மேல் ஏற்றினீர்கள். வலி திரும்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஸ்கேன் அறிக்கையைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கலங்க வேண்டாம். ஒரு நோவும் இல்லாதவர்களின் நாணிலும் தேய்வு, சிறு கிழிசல் எல்லாம் ஸ்கேனில் தெரியும். முள்ளும் அப்படித்தான். அது இருந்தும் ஓடித் திரிபவர்கள் நிறையப் பேர். அது இல்லாமல் நோவோடு வருபவர்களும் நிறையப் பேர்.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாவது தடவை போடலாமா என்று ஓர் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஸ்டீரொயிட் ஊசி சில வாரத்துக்கு வலியை அடக்கும். குதிநாணில் அது நாணையே பலவீனமாக்கி அறுந்துபோகும் ஆபத்தைக் கூட்டுகிறது. சீனி ஏறியதும் அதனால்தான். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சலக்கடுப்புக்கோ வேறு கிருமித் தொற்றுக்கோ யாராவது சிப்ரோஃப்ளொக்சசின் வகைக் குளிசை எழுதினால், குதிநாண் வருத்தம் இருப்பதை உடனே சொல்லுங்கள். அந்த வகை மருந்துகளால் நாண் அறுவது உண்டு என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இலேயே கடும் எச்சரிக்கை போட வைத்தது.

ஷொக்வேவ் என்ன செய்யும், என்ன செய்யாது

பெயரில்தான் ஷொக். கரண்ட் உடம்புக்குள் போவதில்லை. இது அழுத்த அலை. சிறுநீரகக் கல்லை வெட்டாமல் உடைக்க 1980இல் ஜேர்மனியின் மியூனிக் நகரத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். இயந்திரத்தைச் செய்தது அப்போது ஆகாயவிமானம் செய்துவந்த டோர்னியர் நிறுவனம். எலும்பு, நாண் வருத்தங்களுக்கு அது பின்னால்தான் வந்தது. கல்லை உடைத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததால், குதி முள்ளையும் உடைக்கும் என்ற நம்பிக்கை பரவிவிட்டது. உடைக்காது. சிகிச்சைக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் முள் அப்படியே இருக்கும், நோவு போயிருந்தாலும்கூட.

இன்று பெரும்பாலான நிலையங்களில் இருப்பது ரேடியல் வகை. கைபிடிக்குள் காற்றழுத்தத்தால் ஒரு சிறு உலோகத் துண்டு முன்னும் பின்னும் பாய்ந்து நுனியில் இடிக்கும். அந்த இடி தோலுக்குள் பரவும். டக் டக் டக் என்று கொத்தன் வேலை செய்கிற மாதிரி இருக்கும், நோகவும் செய்யும். ஃபோகஸ்ட் வகை ஆழத்தில் ஒரு புள்ளியில் அலையைக் குவிக்கும், இயந்திரமும் விலை கூடியது. இந்தத் தட்டல் நாணில் என்ன செய்கிறது என்பதில் இன்னும் ஒரே கருத்து இல்லை. நோவைக் கடத்தும் நரம்பு நுனிகளை மழுங்கச் செய்கிறது என்கிறார்கள். உறங்கிக் கிடக்கும் திசுவை உசுப்பிப் புதிதாகக் கட்டியெழுப்ப வைக்கிறது என்கிறார்கள். இரண்டுமாக இருக்கலாம்.

சரி, வேலை செய்கிறதா? எந்த நாண் என்பதைப் பொறுத்தது. தோள்பட்டை நாணில் சுண்ணாம்பு படிந்திருந்தால் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. உங்கள் மச்சானின் முழங்கை வேறு கதை. அந்த வலி ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது முழங்கைக்கு ஷொக்வேவால் பெரிய நன்மை தெரியவில்லை. மச்சானுக்குச் சுகமானது உண்மை, எதனால் சுகமானது என்பதுதான் கேள்வி.

உங்கள் குதிக்கு வருவோம். குதிநாண் வலி இரண்டு இடத்தில் வரும். எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே, நாணின் நடுவில் வருவது ஒன்று. நாண் எலும்பில் பிடிக்கும் இடத்திலேயே வருவது மற்றது. செருப்பு வார் உரசும் இடம் என்று நீங்கள் சொல்வதால் உங்களுடையது இரண்டாவது. 2008இல் ஜேர்மனியில் றொம்பே என்ற வைத்தியரின் குழு இந்த இரண்டாவது வகை நோவுள்ள 50 பேரை இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேருக்குக் குதி இறக்கும் பயிற்சி, பாதிப் பேருக்கு ஷொக்வேவ். நான்கு மாதத்தில் ஷொக்வேவ் பெற்றவர்களில் 64 வீதத்தினரும் பயிற்சி செய்தவர்களில் 28 வீதத்தினரும் நன்றாகத் தேறியிருந்தார்கள். விளம்பரங்களில் அடிபடுவது இந்த எண்தான். ஆனால் 2021இல் பிரேசிலில் இருந்து வெளிவந்த ஆய்வில், 119 பேரும் பயிற்சி செய்தார்கள். ஒரு பகுதிக்கு உண்மையான ஷொக்வேவ், மற்றப் பகுதிக்குப் பொய்யாகத் தட்டினார்கள். இரண்டு பகுதியும் தேறியது, வித்தியாசம் இல்லை. என் நிலைப்பாடு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சரியான பயிற்சி தோற்ற பிறகு துணைக்கு எடுக்கக்கூடியது ஷொக்வேவ். முதல் ஆயுதமாகவோ, தனியாகவோ அதற்குக் காசு கொட்டச் சொல்லமாட்டேன்.

உங்கள் பயிற்சி ஏன் சரிவரவில்லை

கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது படிக்கட்டு. அந்தப் பயிற்சியைப் பிரபலமாக்கியவர் சுவீடனின் அல்ஃபிரெட்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். அவருக்கே குதிநாண் நோவு இருந்ததாம். தனக்குச் சத்திரசிகிச்சை செய்யும்படி மேலதிகாரியிடம் கேட்க, அவர் மறுத்துவிட, நாணை அறுத்தாவது சத்திரசிகிச்சை மேசையில் ஏறிவிடலாம் என்று குதியை இறக்கி இறக்கிப் பயிற்சி செய்ய, நாண் அறுவதற்குப் பதிலாக நோவு போய்விட்டதாம். வைத்தியர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கிற கதை. 1998இல் 15 பேரிடம் 12 வாரம், ஒரு நாளைக்கு 180 தடவை என்று செய்யவைத்து எழுதினார். அவர்கள் எல்லோருக்கும் நோவு நாணின் நடுவில்.

உங்களுக்கோ எலும்பில் பிடிக்கும் இடத்தில். குதி படிக்கட்டு விளிம்புக்குக் கீழே இறங்கும்போது நாண் எலும்பின் முகட்டில் அழுந்தி நசிகிறது. நோகிற இடத்தையே அம்மியில் வைத்து அரைத்தமாதிரி. ஜேர்மன் ஆய்வில் பயிற்சிப் பகுதி தோற்றதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம், அவர்களும் குதியைக் கீழேதான் இறக்கினார்கள். அதே 2008இல் சுவீடனில் 27 பேரிடம் தரைமட்டத்துக்குக் கீழே போகாமல் அதே பயிற்சியைச் செய்யவைத்தபோது, சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் திருப்தியோடு பழைய வேலைக்குத் திரும்பினார்கள். சிறிய ஆய்வு, ஒப்பிட மறுபகுதி இல்லை. இருந்தாலும் செலவில்லாத வழி, உடம்பின் அமைப்புக்கும் பொருந்துகிறது. ஆகவே ‘பயிற்சி எனக்குச் சரிவராது’ என்று முடிவு கட்டாதீர்கள். வேறொருவரின் நோவுக்கான பயிற்சியை நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

இதே கண்ணால் உங்கள் தொழிலையும் பாருங்கள். கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடக்கும்போது விரல்பக்கம் முதலில் படும், பிறகு குதி இறங்கும். இறுகிய நிலத்தில் அது நிலத்தோடு நிற்கும். சொரி மணலில் அதற்கும் கீழே புதையும். நாள் முழுக்கப் படிக்கட்டில் குதி இறக்குவதும் இதுவும் ஒன்றுதான். அதைவிட மோசமானது தோணியைக் கடலுக்குத் தள்ளுவது: விரலை ஊன்றி, முழங்காலை மடித்து, உடம்பு முழுவதையும் முன்னால் சாய்த்துத் தள்ளும்போது கணுக்கால் முழுதாக மடிகிறது. நோவு எந்த நாளில் கூடுகிறது என்று திரும்பி யோசித்தால், இழுத்த நாளைவிடத் தள்ளிய நாள்தான் நினைவுக்கு வரும் என்று நினைக்கிறேன்.

வாடை மாதங்களில்

உங்கள் நல்ல காலம், ஐப்பசியில் எழுதியிருக்கிறீர்கள். வாடை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மூன்று மாதத்தில் கரைவலை எப்படியும் குறையும். பயிற்சிக்குத் தேவைப்படுவதும் 12 வாரம்.

முதல் இரண்டு வாரம் குசினியின் சீமெந்து நிலத்தில் சுவரைப் பிடித்து நின்று இரண்டு குதியையும் உயர்த்தி 40 விநாடி அப்படியே பிடியுங்கள். ஐந்து தடவை, தினமும். பிறகு ஏற்றி இறக்கத் தொடங்குங்கள்: மூன்று எண்ணி மேலே, மூன்று எண்ணிக் கீழே, குதி நிலத்தில் பட்டால் போதும். 15 தடவை, மூன்று சுற்று. அது இலேசாகிவிட்டால் நோகிற காலில் மட்டும். அதுவும் இலேசானால் முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒருநாள். பாதிச் சுற்றை முழங்காலைக் கொஞ்சம் மடித்துக்கொண்டு செய்யுங்கள், உங்கள் தொழில் மடித்த முழங்காலில் நடக்கிற தொழில். மெதுவாகச் செய்வதுதான் மருந்து. வேகமாக 15 எண்ணி முடிப்பதில் ஒன்றுமில்லை.

செய்யும்போது நோகும். பத்துக்கு நான்கு ஐந்து வரை பரவாயில்லை. அளவுகோல் மறுநாள் காலையின் அந்த முதல் பத்து அடி. வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் நேற்றுக் கூடிப்போய்விட்டது என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள். சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதுவும் அதே இடத்தை நசிக்கிறது. பழைய றப்பர் செருப்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் துண்டு வெட்டி, போடும் செருப்பின் குதிப்பக்கத்தில் இரண்டு காலுக்கும் ஒட்டுங்கள். குதி உயர்ந்தால் நாண் ஆறுதலாக இருக்கும். வெறுங்காலோடு நடப்பதை வீட்டுக்குள்ளும் குறையுங்கள்.

சீனியை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. சீனி கூடிய உடம்பில் நாண் விறைத்து, ஆறுவதற்கும் கூடுதல் நாள் எடுக்கும். மூன்று மாதச் சராசரி சீனி அளவைப் பாருங்கள், கூடவே கொலஸ்ட்ரோலையும்.

கல்முனையிலேயே இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. கிளினிக்கில் காட்டி, பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்கள். காசு இல்லை. வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மூன்று தடவை போய், செய்யும் விதத்தை ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்தினால் போதும்.

பிறகும் ஷொக்வேவ் தேவைப்பட்டால்

12 வாரம் ஒழுங்காகச் செய்து நோவு பாதிகூடக் குறையவில்லை என்றால், அப்போது அந்த நிலையத்துக்குப் போகலாம். பத்துத் தடவைக்கு முன்பணம் கட்டாதீர்கள். நான் சொன்ன ஜேர்மன் ஆய்வில் வாரம் ஒன்றாக மூன்றே தடவை, ஒவ்வொன்றிலும் 2000 தட்டு. மூன்றிலிருந்து ஐந்துதான் வழக்கம். அதில் அசையாத நோவு பத்தில் அசையும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. தடவைக்குத் தடவை கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், விருப்பமில்லையென்றால் நடுவில் நிறுத்தும் உரிமை உங்களுடையது. தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘பதிவு இருக்கா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எந்த வகை இயந்திரம், கூடவே பயிற்சி சொல்லித் தருவார்களா என்பதையும் கேளுங்கள். பயிற்சி தேவையில்லை என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

சீனி வருத்தம் ஷொக்வேவுக்குத் தடை அல்ல. ஆனால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால், எவ்வளவு நோகிறது என்று நீங்கள் சொல்ல முடியாது. முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், அந்த இடத்தில் கட்டியோ கிருமித் தொற்றோ உள்ளவர்கள், எலும்பு வளர்ந்து முடியாத பிள்ளைகள் ஆகியோருக்கு இது கூடாது. விறைப்பு ஊசி போட்டுவிட்டுத் தட்டினால் பலன் குறைவதாகத் தெரிகிறது, ஆகவே நோவைப் பல்லைக் கடித்துத் தாங்கத்தான் வேண்டும். அன்றும் மறுநாளும் சிவந்து கன்றி நோவு கூடலாம், அது அடங்கும். தட்டிய கையோடு போய்த் தோணி தள்ள வேண்டாம்.

இடையில் இரண்டு விஷயம் நடந்தால் 12 வாரமெல்லாம் பார்க்காதீர்கள். யாரோ பின்னால் உதைத்த மாதிரி ‘டப்’ என்று குதியில் ஏதோ விட்டு, விரலில் எழும்பி நிற்க முடியாமல் போனால், அது நாண் அறுந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றக் குதியும் சேர்ந்து நோகத் தொடங்கி, காலையில் இடுப்பும் முதுகும் மணிக்கணக்கில் விறைத்து, கண் சிவந்து நோவெடுத்தால், அது மூட்டுவாத வகை வருத்தமாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனையும் வேறு மருந்தும் வேண்டும்.

மாசி பங்குனியில் கடல் அடங்கி வலை இறங்கும்போது இழுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இழுக்கலாம், முதல் வாரமே முழுநாள் அல்ல. தோணி தள்ளுவதற்கு ஒரு மாதம் வேறொருவரை விடும்படி வலை முதலாளியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கயிற்றில் சொரி மணல் பக்கம் நிற்காமல், அலை நனைத்து இறுகிய ஈர மணலில் இடம் கேளுங்கள். ‘கால் சரியில்லை’ என்று சொன்னால் பங்கு குறைந்துவிடுமோ என்ற பயம் கடிதத்தில் தெரிகிறது. அதனால்தான் இப்போதே பேசச் சொல்கிறேன். நடு சீசனில் கால் மடங்கி வீட்டில் இருந்தால் பங்கே இல்லை.